தோல் வியாதியும் தொற்று வியாதியும்

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் தொடங்கி நம் நாட்டைப் பிடித்து ஆட்டிய கொரோனா என்னும் தொற்று நோயைப் பற்றி இதுவரை அநேகம் பேசப்பட்டும் எழுதப்பட்டும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் மாத்திரம் சர்க்கார் கணக்குப்படியே 38,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இவ்வளவு பேச்சுக்கும் நடுவே, பேச்சே எழாமல் போன ஒரு கூட்டத்தாரைப் பற்றி இவ்வாரம் சிறிது எழுதலாமென்று எண்ணுகின்றோம். அவர்கள் யாரென்றால், தோல் வியாதிக்காக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மருந்துகளை மாதக்கணக்காகவும் வருஷக்கணக்காகவும் சாப்பிட்டு வருகிறவர்கள்.

அந்தக் காலத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். தெருவுக்குத் தெரு "எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி" என்பதே ஒரு ஜபம் போல் ஆகிவிட்டது. டீக்கடைப் பலகையில் எதிர்ப்புச் சக்தி, ஊறுகாய்ப் பாட்டிலில் எதிர்ப்புச் சக்தி. போதாததற்கு மார்ச்சு 22-ந் தேதி தட்டைத் தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில், "உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதற்காக இந்த மாத்திரையைச் சாப்பிடு" என்று டாக்டரால் சொல்லப்பட்ட ஒருவனுடைய மனம் என்ன பாடு பட்டிருக்கும்? சாப்பிட்டால் கொரோனா வந்து சாவோமோ என்று ஒரு பயம்; சாப்பிடாவிட்டால் பழைய வியாதி பொங்கி எழுமே என்று மற்றொரு பயம். கேட்பதற்கு டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகப் பஸ் இல்லை. வேடசந்தூர்க்காரனோ நத்தத்துக்காரனோ திண்டுக்கல் வந்து சேர வழியில்லாமலிருந்த நாட்களில் சுமார் 60 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவான்? ஆகவே பலர் தாங்களாகவே மருந்தை நிறுத்தினார்கள். வேறு பலர் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதைச் செய்தார்கள்.

இந்த இடத்தில் முதலாவதாக ஒரு விஷயத்தை நம் தோழர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தி என்பது கிணற்றுத் தண்ணீர் போல் எவ்வளவு ஊறினாலும் நல்லது என்று சொல்லத்தக்க ஒரு வஸ்து அல்ல. அது உடம்பின் காவல்காரன். காவல்காரன் தூங்கினாலும் கேடு. வெறி பிடித்து வீட்டுக்காரனையே தடியால் அடித்தாலும் கேடு. சொரியாசிஸ் என்னும் செதில் உதிரும் வியாதி இருக்கிறதே, அது இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. சாதாரணமாகத் தோலின் அடியில் உண்டாகும் அணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். சொரியாசிஸ் உள்ளவனுக்கு எதிர்ப்பு அணுக்கள் வீணாகக் கிளர்ச்சி செய்வதால் அந்த வேலை சில நாட்களிலேயே நடந்து, தோல் அடுக்கடுக்காகத் தடித்துச் செதிலாய்க் கொட்டுகிறது. பெம்பிகஸ் என்னும் கொப்புள வியாதி இதைவிடக் கொடியது. தோலின் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசையையே சொந்த எதிர்ப்புச் சக்தி பகையென்று நினைத்துத் தாக்குகிறது. வாயெல்லாம் புண், உடம்பெல்லாம் தோலுரிந்த ரணம். ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன் இந்த வியாதி கண்டவர்களில் பெரும்பாலோர் செத்தே போனார்கள். 1948-ல் ஹென்ச் என்கிற அமெரிக்க டாக்டரும் அவர் கூட்டாளிகளும் கார்டிஸோன் மருந்தை மூட்டு வாதக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1950-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். அதன் பின்தான் கொப்புள வியாதிக்காரன் பிழைக்கலானான்.

ஆகவே இம்மருந்துகளைச் சாப்பிடுகிறவன் தன் உடம்புக்குத் தானே துரோகம் செய்துகொள்கிறவனல்ல; வெறி பிடித்த காவல்காரனைக் கட்டி வைக்கிறவன்.

இனி, இந்த வியாதிகளுக்கு நம் நாட்டில் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த காரணம் என்ன? முன் ஜென்மத்து வினை, நாகதோஷம், தெய்வ குற்றம். பரிகாரம் என்ன? கோயிலில் உப்பும் மிளகும் கொட்டு. உருவம் வாங்கி உண்டியலில் போடு. புற்றுக்குப் பால் ஊற்று. நம் ஜில்லாவிலோ பழனிமலை இருக்கிறது. அங்கேயுள்ள சிலை நவபாஷாணத்தால் போகர் செய்தது என்றும், ஆதலால் அதன் மேல் சாத்திய ராக்காலச் சந்தனமும் கௌபீன தீர்த்தமும் தீராத வியாதியையெல்லாம் தீர்க்கும் என்றும் சொல்லுகிறார்கள். நல்லது, தீர்க்குமானால் நமக்கென்ன வருத்தம்? ஆனால் 2020 மார்ச்சில் சாத்தப்பட்ட மலைக்கோயில் கதவு செப்டம்பர் மாதம் வரையில் பக்தர்களுக்குத் திறக்கப்படவில்லையே, ஏன்? தீராத வியாதியைத் தீர்க்கும் சந்தனம் உள்ளே இருக்க, வியாதி வந்துவிடும் என்று வெளியே பூட்டுப் போட்டதன் தாத்பரியம் என்ன? பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் ஜில்லாவில் சாமிக்கே பூட்டுப் போட்டது குறித்து நாம் சந்தோஷப்படுகிறோமே தவிரக் குற்றம் சொல்லவில்லை. பூட்டியவர்கள் செய்தது சரியான காரியம். அன்று பூட்டச் சொன்ன புத்தி, மறுபடி திறந்தவுடன் எங்கே போயிற்று என்பதுதான் நமது கேள்வி.

அம்மை கண்டால் மாரியம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவள் வந்த வீட்டில் பிணம் விழுந்தது. ஊசி குத்தத் தொடங்கி, இந்தியாவில் 1975-ல் கடைசிப் பெரியம்மை கண்டு, 1980-ல் உலகத்தை விட்டே அது ஒழிந்ததென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லிவிட்டது. கோட்டை மாரியம்மன் திருவிழா மாசிக்கு மாசி நடக்கத்தான் நடக்கிறது, அம்மைதான் வருவதில்லை.

வினை என்கிறார்களே, அதைப் பற்றியும் ஒன்று கேட்கின்றோம். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் ஈரத்தோலையும் குரோமிய உப்பு கலந்த தண்ணீரையும் கையால் அளைகின்றவனுக்கும், சிமெண்டு குழைக்கின்ற கொத்தனுக்கும் கையில் கரப்பான் வந்து வெடித்து ரத்தம் கசிகிறதே, அது எந்த ஜென்மத்து வினை? குரோமியம் என்கிற உலோக உப்பு சிலர் தோலுக்கு ஆகாது. ஒரு தடவை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் பொங்கும். இது கையுறை கொடுக்காத முதலாளியின் வினையே அல்லாமல் தொழிலாளியின் முன் ஜென்மத்து வினையல்ல. குஷ்டம் கிருமியால் வருவது என்று 1873-லேயே ஹான்சன் கண்டுபிடித்துச் சொல்லியும், குஷ்டத்தைக் காரணம் காட்டிப் பெண்டாட்டியையோ புருஷனையோ தள்ளி வைக்கலாம் என்கிற சட்ட வாசகத்தை நம் நாட்டில் 2019-ல்தான் எடுத்தார்கள். தோலில் ஒரு திட்டைக் கண்டால் கலியாணத்தை நிறுத்துகிற, பந்தியில் இலையைத் தள்ளிப் போடுகிற தேசம் இது. தீண்டாமையைப் பிறப்பில் வைத்துப் பழகியவர்களுக்கு அதை வியாதியில் வைப்பது ஒரு கஷ்டமா?

நிற்க, மருந்து விஷயத்துக்கு வருவோம். இந்த மருந்துகளெல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரம் தொடர்ந்து சாப்பிட்டவன் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஏனெனில், அந்த வஸ்துவை நம் உடம்பிலேயே சுரக்கின்ற ஒரு சுரப்பி இருக்கிறது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்தால் அது தன் வேலையை விட்டுவிடுகிறது. திடீரென்று மருந்தை நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்றாகி, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே மோசம் வரும். சொரியாசிஸ்காரன் அவ்விதம் நிறுத்தினால் உடம்பு முழுதும் சிவந்து தோலுரிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழவும் நேரும். அதே சமயம், தினம் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களுக்குக் கொரோனா வந்தபோது ஆஸ்பத்திரியில் சேரவேண்டி வந்தது அதிகம் என்று 2020-லேயே மூட்டு வாத நோயாளிகளின் உலகக் கணக்கில் கண்டார்கள். ஆகவே செய்ய வேண்டியதென்ன? டாக்டர் பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்து, வியாதி அடங்கியிருக்கத்தக்க குறைந்த அளவில் நிறுத்துவது. ரிட்டுக்ஸிமாப் என்கிற ஊசியோ ஒரு தடவை போட்டால் ஆறு மாதத்துக்கும் மேல் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையையே இல்லாமற் செய்துவிடும். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கொரோனா கடுமையாக வந்தது. தடுப்பூசியும் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனபடியால் தள்ளிப் போடக்கூடியவர்களுக்கு அதைத் தள்ளிப் போடுவது புத்திசாலித்தனமாயிற்று.

மெதோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை உண்டு. சொரியாசிஸுக்கு அதிகமாகக் கொடுக்கப்படுவது, விலையும் குறைந்தது. இதை வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரமே சாப்பிட வேண்டும். தினம் சாப்பிட்டால் வாய் வெந்து, எலும்புக்குள் ரத்தம் உண்டாவது நின்று, ஆளைக் கொன்றுவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு இதைச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, எந்தக் கிழமை என்று வாயால் சொல்லாமல் அனுப்புகிற ஆஸ்பத்திரிகள் நம் நாட்டில் உண்டு. இந்த மருந்து பிறந்த கூட்டத்துக்குத் தலைவராயிருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்கிற ஆந்திரர். பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காக வெள்ளைக்கார வாத்தியாரின் கோபத்துக்கு ஆளாகிப் பெரிய பட்டம் கிடைக்காமல் போய், அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். யானைக்காலுக்கு இன்றைக்கும் சர்க்கார் வீடு வீடாகக் கொடுக்கிற மாத்திரையும் அவர் கூட்டத்தார் கண்டுபிடித்ததே. 1948-ல் செத்துப்போனார். அவருக்கு எந்த ஊரிலும் தேர் இழுக்கிறவர்கள் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறோம் என்று நாடெல்லாம் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, கொரோனாவில் சாகக் கிடந்தவனைப் பிழைக்க வைத்தது எது? எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற டெக்ஸாமெத்தஸோன் என்னும் ஸ்டீராய்டு! 2020-ல் இங்கிலாந்தில் 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூச்சு யந்திரம் வைக்கப்பட்டவர்களில், மருந்து கொடுக்கப்படாதவர்கள் 100-க்கு 41 பேர் செத்தார்கள். கொடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 29 பேர். பிராண வாயு மாத்திரம் தேவைப்பட்டவர்களுக்கும் சிறிது பலன் இருந்தது. பிராண வாயுவே தேவைப்படாதவர்களுக்கோ ஒரு பலனும் இல்லை. கணக்கைப் பார்த்தால் கெடுதல் என்று சந்தேகிக்கவே இடமிருந்தது. ஏனெனில் வியாதி முற்றின நிலையில் நுரையீரலைக் கெடுப்பது கிருமியைக் காட்டிலும், கிருமியின் மேல் வெறி கொண்டு பாய்கிற நம் காவல்காரனே. மருந்து ஒன்றுதான், ஆளும் சமயமும் மாறினால் அது உயிரும் கொடுக்கும், உயிரும் எடுக்கும்.

இந்தப் பேதத்தை அறியாமல் நம்மவர் செய்தது என்ன? ஜுரம் வந்த அன்றே மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கினவர்கள் எத்தனை பேர்! 2021 மே மாதத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் மூக்கிலும் கண்ணிலும் கரும்பூஞ்சை பிடித்து, கண்ணைத் தோண்டி எடுக்கவும் நேர்ந்ததற்கும், தமிழ்நாட்டு சர்க்கார் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்று உத்தரவு போடவேண்டி வந்ததற்கும் இந்தக் கண்மூடித்தனமான ஸ்டீராய்டு ஒரு முக்கிய காரணம்.

இன்னுமொரு மருந்தின் கதை, தோல் வியாதிக்காரர்களுக்கு நேரே சம்பந்தப்பட்டது. இடோலிஸுமாப் என்பது கியூபா நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து பெங்களூர் பயோகான் கம்பெனியார் தயாரித்து, 2013-ல் சொரியாசிஸுக்காக இந்தியாவில் அனுமதி பெற்ற ஊசி மருந்து. 2020 ஜூலையில் இதையே கொரோனாவுக்கும் அவசரமாக உபயோகிக்கலாம் என்று மத்திய சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதி கொடுத்தார். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்து? மொத்தம் 30 பேர். அதில் மருந்து வாங்கியவர்கள் 20, வாங்காதவர்கள் 10. இங்கிலாந்தில் ஆறாயிரம் பேரைப் பார்த்துச் சொன்ன மருந்துக்குச் சில ரூபாய் விலை. இங்கே 30 பேரைப் பார்த்துச் சொன்ன மருந்துக்கு ஒரு பாட்டில் சுமார் 8,000 ரூபாய். தேசிய நிபுணர் குழுவினரே சாட்சியம் போதாது என்று இதைத் தங்கள் சிகிச்சை முறையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அம்மருந்து கெட்டது என்று நாம் சொல்லவரவில்லை. 30 பேரைக் கொண்டு நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது என்பதே நாம் சொல்லுவது. காவிக்காரன் சொன்னால் மாத்திரந்தான் ருசு கேட்க வேண்டும், கோட்டுக்காரன் சொன்னால் கேட்கவேண்டியதில்லை என்பது நம் கொள்கையல்ல.

காவிக்காரன் சங்கதியும் நடந்தது. 2020 ஜூன் 23-ந் தேதி பதஞ்சலி கம்பெனியார் கொரோனில் என்று ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து கொரோனாவைத் தீர்க்கும் என்றார்கள். அன்றைக்கே ஆயுஷ் மந்திரி இலாகா விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிற்று. அந்தப் பெயர் சம்பந்தமான வழக்கில் சென்னை ஐக்கோர்ட்டு நீதிபதி ஒருவர், ஜனங்களின் பயத்தைக் காசாக்கப் பார்த்தார்கள் என்று கண்டித்து 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார். பிறகு அத்தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஹைட்ராக்ஸி குளோரோக்வின் கதை வேறு. லூபஸ் என்னும் வியாதியில் முகத்திலும் தோலிலும் புண் வந்தவர்கள் தினம் சாப்பிட்டு வந்த மாத்திரை அது. கொரோனாவைத் தடுக்கும் என்று பேச்சுக் கிளம்பியதும் கடைகளில் பறந்துபோயிற்று. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் அதற்காக நம் நாட்டை மிரட்டினார். 2020 ஜூனில் அதே இங்கிலாந்துச் சோதனையில், ஆஸ்பத்திரியிலுள்ளவர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தது. இடையில் கடை கடையாக அலைந்தவன் லூபஸ்காரன்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. சொரியாசிஸ் உள்ளவர்களில் கொரோனா வந்தவர்களின் விவரங்களைப் பல நாட்டு டாக்டர்கள் ஒரே புத்தகத்தில் பதிந்தார்கள். 25 நாடுகளிலிருந்து 374 பேர். அவர்களில் 100-க்கு 93 பேர் பூரணமாகக் குணமடைந்தார்கள். புது மாதிரி ஊசி மருந்துக்காரர்களைவிடப் பழைய மாத்திரைக்காரர்களே அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஊசிக்காரர்கள் பயந்துகொண்டு அதிகமாக வீட்டிலேயே அடைந்து கிடந்ததும் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று அந்த டாக்டர்களே எழுதினார்கள். தன் கணக்கில் தானே சந்தேகம் சொல்லுகிற இந்த நாணயத்தை எந்தப் புராணத்திலாவது காட்ட முடியுமா?

சர்க்கார் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சு 1-ந் தேதி முதல் 45 வயதுக்கு மேல் குறிப்பிட்ட வியாதியுள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்றபோது, அந்த 20 வியாதிகளின் ஜாபிதாவில் ஸ்டீராய்டையும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளையும் நெடுநாள் சாப்பிடுகிறவர்களையும் சேர்த்திருந்தார்கள். சரியான காரியமே. ஆனால் நிலக்கோட்டைப் பக்கம் பூப் பறிக்கிற ஒரு பெண்ணுக்கு, தான் சாப்பிடுகிற மாத்திரை அந்த ஜாபிதாவில் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? சர்ட்டிபிகேட்டு யார் எழுதிக் கொடுத்தார்கள்? முப்பது வயதில் கொப்புள வியாதி கண்டவனோ மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் இரண்டாவது அலை வந்தே விட்டது. கொரோனா ஊசிகளில் உயிருள்ள, பெருகக்கூடிய கிருமி இல்லையாதலால் இந்த மருந்துக்காரர்களும் பயமின்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பதையாவது ஊரறியச் சொல்லியிருக்கலாம்.

கொரோனா அவசரம் தீர்ந்ததென்று 2023 மே 5-ந் தேதி உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இன்னொன்று வராது என்று யாரும் சொல்லவில்லை. அது வரும்போது மறுபடி தட்டைத் தட்டிக்கொண்டிருக்கப் போகிறோமா?

திண்டுக்கல்லில் இப்பொழுது சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற நல்ல ஏற்பாடும் இருக்கிறது. தோல் வியாதிக்கு நெடுநாள் மருந்து சாப்பிடுகிறவர்களை ஜில்லாவாரியாக, பெயர் வெளியில் தெரியாமல் பதிந்து வைத்து, பஸ் நின்றாலும் அவர்களுக்கு மருந்தும் டாக்டரின் வார்த்தையும் அதே வழியில் போய்ச் சேர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கின்றோம். மெதோட்ரெக்ஸேட் பொட்டலத்தின் மேல் இன்ன கிழமை என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதற்குப் பட்ஜெட்டு வேண்டியதில்லை. ஒரு பேனா போதும். 14 விதமான ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018 மார்ச்சிலேயே சட்டமாகியிருக்கிறது. கடைத்தெருவில் போய் "படர்தாமரைக்கு ஒரு களிம்பு கொடு" என்று கேட்டுப் பாருங்கள், அந்தச் சட்டம் எவ்வளவு உயிரோடிருக்கிறது என்று தெரியும். முதல் வாரம் அரிப்பு அடங்கும். அடுத்த மாதம் படை உடம்பு முழுதும் பரவும். நாட்டுப் பொடி என்று விற்கப்படுபவற்றிலும் ரகசியமாக ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனையில் பல தடவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பொடியில் என்ன இருக்கிறதென்று சொல்லாதவனிடம் பொடி வாங்காதீர்கள்.

நம் கிளைச் சங்கத் தோழர்கள் அவரவர் ஊரில் இம்மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள் யாரென்று விசாரித்து, மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து, எது தினம், எது வாரம் ஒரு தரம் என்பதைப் படித்துச் சொல்லி, சந்தேகம் இருந்தால் திண்டுக்கல் ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வரும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். போகும்போது பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போகவும்.